ஐயம்பேட்டையில் இரண்டு முறை ஆடிய இத்தாலிக்காரி

நான் இத்தாலிய நாடகம் படிக்கிறேன் என்றபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் மாதிரி அதுவும் ஏதோ ஒரு பரீட்சை என்று நினைத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பள்ளி விட்டதும் நேரே கன்னிமடத்துக்குப் போவேன். அங்கே இத்தாலியிலிருந்து வந்திருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் எனக்கு அவர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். ஊரிலிருந்து அவருக்கு வரும் நாடகப் பத்திரிகைகள்தான் பாடப்புத்தகம். அவர் அவற்றைப் படிக்கமாட்டார். படங்களில் பெண்கள் தரையில் புரள்வதைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

எனக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது. அந்த நாட்டில் இளைஞர்கள் அரங்கங்களை விட்டு வெளியே வந்து ஃபாக்டரி வாசலிலும் சந்தையிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வசனம் கிடையாது. உடம்புதான் பேசும். எது நடனம், எது நாடகம் என்று பிரிக்கவே முடியாது. இரண்டு வருடம் படித்து, இதைப் பற்றி இத்தாலிய மொழியிலேயே நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கன்னியாஸ்திரீ பிழை திருத்தி, அங்கே ஒரு நாடகப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். பதில் வந்தது. எங்கள் குழுவின் நடிகை ஒருத்தி இந்திய நடனங்களைப் பார்க்க வருகிறாள், அவள் உன்னை நேரில் பார்த்துச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் ஒரு வருடம் வந்து படிக்கலாம், செலவு எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் ஒரு நாளில் எத்தனை தடவை படித்தேன் என்று என் தங்கை எண்ணிச் சொல்லி மானத்தை வாங்கினாள்.

பங்குனியில் அந்த நடிகை வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். கோயிலெல்லாம் அப்புறம், முதலில் எனக்குச் சனங்கள் வேண்டும் என்றாள். நாடகமே பார்க்காதவர்கள் முன்னால் தன் ஆட்டத்தை ஆடிக்காட்டவேண்டுமாம். அதற்கு ஏற்பாடு செய்வதுதான் எனக்குப் பரீட்சை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்த ஐயம்பேட்டை நெசவாளர் தெருவுக்கு அழைத்துப்போனேன். காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும் நீளத் தெரு அது, மத்தியானத்துக்கு மேல் காலியாகிவிடும். நாலு மணிக்கு நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய், குழந்தை, வேர்க்கடலை என்று எல்லாம் வந்திருந்தது.

அவள் தெருவின் நடுவே வந்து நின்றாள். வெறுங்கால், கறுப்பு உடை. வெகுநேரம் அசையவேயில்லை. பிறகு ஓர் அடி வைத்தாள். கையைத் தூக்கினாள். நடந்தாள், ஓடினாள், கடைசியில் அடித்துப்போட்டது போல விழுந்தாள். முக்கால் மணி நேரம். நான் ஓரமாக நின்றுகொண்டு அவளைப் பார்ப்பதா, சனங்களைப் பார்ப்பதா என்று தவித்தேன். சனங்களோ தலையைக் குனிந்துகொண்டும் திருப்பிக்கொண்டும் இருந்தார்கள். தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒருவராவது அவளை நேராகப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து வேர்வையோடு என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “இவ்வளவு பணிவான சனங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்றாள்.

அப்போதுதான், கூத்தில் மத்தளம் வாசிக்கும் நெசவாளர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து என்னைக் கேட்டார்: “இன்னாமா, மணி அஞ்சாவப் போவுது. அந்தம்மா ரெடியாயிட்டாங்களா? எப்பம்மா ஆரம்பிப்பாங்க?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் பக்கத்துக் கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் வந்து நிற்பார். கூத்தை நடத்திப்போகும் கட்டியங்காரன், “நீ யார், எந்த ஊர்” என்று கேட்க, அவர் பதில் சொல்லி வெளியே வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் அவர் கண்ணெதிரே நடந்தாலும், சலங்கை கட்டினாலும், கையை உதறிக்கொண்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். தயாராகிக்கொண்டிருப்பவரை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை. அந்தத் தெருவில் எல்லோரும் முக்கால் மணி நேரமாக அவளுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது எனக்குத் தெரியாதா? தாமல் ஏரிக்கரையில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள் நான். என் நாற்பது பக்கத்தில் ஒன்பது பக்கம், திரையைத் தூக்கி எறிந்ததுதான் புதிய நாடகத்தின் பெரிய சாதனை என்று புகழ்ந்திருந்தேன். படித்த படிப்பு என் புத்தியை மழுங்கடித்துவிட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“என்ன கேட்கிறார்?” என்றாள் நடிகை.

“முதலிலிருந்து மறுபடியும் பார்க்கவேண்டுமாம்” என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பொய் அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது. ஆனாலும் ஆடுகிறேன் என்றாள்.

“அப்ப திரை எங்கமா?” என்று மத்தளக்காரர் விடவில்லை. யாரோ ஓர் எட்டுமுழ வேட்டியைக் கொண்டுவந்து கொடுக்க, இரண்டு பேர் பிடித்தார்கள். இந்த ஊர் வழக்கம் என்று சொல்லி அவளைப் பின்னால் நிறுத்தினேன். மத்தளக்காரரே கட்டியங்காரனாகி, “யாரும்மா நீ? எந்த ஊரு? இன்னாத்துக்கு இங்க வந்துக்கிற?” என்று உரக்கக் கேட்டார். நான் அவளுக்குச் சொன்னேன். அவள் சற்றுத் திகைத்தாள். பிறகு துணிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நான் ஒரு தாய், ஃபாக்டரிக்குப் போன என் மகன் திரும்பி வரவில்லை, அவனைத் தேடி வந்திருக்கிறேன் என்றாள். அதைத் தமிழில் சொன்னேன். “ஐயோ பாவம்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. வேட்டியைக் கீழே விட்டார்கள்.

அதன் பிறகு ஒரு கடலை உடைபடும் சத்தம் கேட்கவில்லை. அவள் ஓடியபோது நூறு தலைகளும் கூடவே திரும்பின. அவள் விழுந்ததும் ஓர் அம்மாள், “எந்திரிம்மா, வருவாம்மா, உம்புள்ள வருவான்” என்று அழுதுகொண்டே சொம்புத் தண்ணீரோடு ஓடினாள். நானும் அழுதேன். இரண்டு வருடமாகப் படித்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இருட்டுகிற நேரத்தில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தோம். அவள் சொல்லச்சொல்ல என் சிபாரிசுக் கடிதத்தை நானே தட்டினேன். நல்ல வார்த்தைகளாகவே சொன்னாள். பிறகு, “ஆட்டம் முடிந்ததும் அந்தச் சனங்கள் அதை மறுபடியும் கேட்டார்கள். அதற்கு இந்தப் பெண்தான் காரணம்” என்றாள். என் விரல் நகரவில்லை. இன்னும் இரண்டு வரியும் ஒரு கையெழுத்தும்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு தட்டியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்படியானால் முதல் தடவை என்னை யாரும் பார்க்கவேயில்லை” என்றாள்.

“மரியாதைக்காகத்தான் பார்க்கவில்லை.”

“அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் காதாக நீதான் இருந்தாய். உன்னை நம்பி நான் என்னவென்று எழுதுவேன்?” மெஷினிலிருந்து தாளை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினாள். கையசைத்தாள், அதையும் சொல்லவேண்டும்.

சிபாரிசுக் கடிதம் வரவில்லை, நான் இத்தாலிக்கும் போகவில்லை. உண்மையைச் சொன்னதால் மனசு லேசாகியிருக்குமே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் லேசாகவில்லை. பல மாதம் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை, பள்ளியில் பிள்ளைகளை அநியாயத்துக்குத் திட்டினேன்.

மறுவருடம் கன்னிமடத்துக்கு என் பெயருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம் மட்டும். ஏதோ ஒரு ஃபாக்டரி வாசல், கோட்டுப் போட்ட கூட்டம். நடுவில் இரண்டு ஆண்கள் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிகின்றன. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து மட்டும் இருந்தது. அன்றைக்கு என் சிபாரிசுக் கடிதத்தில் பாக்கி நின்ற அதே கையெழுத்து.

தங்கை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா இது! திரைய மட்டும் கூட்டிக்கினு போயி, உன்ன இங்கியே உட்டுட்டாங்களா?” என்று சிரித்தாள்.

ஓங்கி ஓர் அறை விட்டேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.