டாக்டர் வரும் நாளுக்கான சிலிப்பர்

எழுபதுகளில் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். விடியுமுன் வேலைக்கு ஓட வேண்டும். மூன்று வயது மகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவேன். பெற்றவர்கள் வேலைக்குப் போனபின் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் வீடு.

அந்தக் கொட்டகைக்குக் கக்கூஸ் கிடையாது, பின்பக்கம்தான். பிள்ளைகள் அங்கேதான் குந்துவார்கள். கோழியும் வாத்தும் அதைக் கிளறி, தங்கள் பங்கையும் சேர்த்துவிட்டுப் போகும். மழை பெய்தால் எல்லாம் கரைந்து முற்றத்துக்கு வந்துவிடும். அந்தச் சேற்றில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு நாள் முழுக்க ஆடுவார்கள். மண்ணில் நடந்தால்தான் கால் உரமேறும் என்பாள் ஆயா. அவள் மட்டும் கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பாள்.

மகளுக்கு முதலில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு முகம் வெளுத்தது, வயிறு உப்பியது, சுவரைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கொக்கிப்புழு கால் வழியாக ஏறி ரத்தத்தைக் குடிக்கிறது என்றார். வெறுங்காலில் விட்டால் மறுபடி ஏறும், இன்னும் ரத்தம் குறைந்தால் பிள்ளை தாங்காது என்றும் சொன்னார். அவர் கொடுத்த மருந்துக்கு மறுநாள் விரல் நீளத்தில் வெள்ளையாக நெளிந்து விழுந்தது வேறு வகைப் புழுவாம். என் பிள்ளையின் வயிற்றில் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்திருக்கின்றன.

உடனே டவுனுக்குப் போய்ச் சிலிப்பர் வாங்கி வந்தேன். காலையில் போட்டு அனுப்புவேன். சாயங்காலம் காலெல்லாம் சேறாக வருவாள், சிலிப்பர் மட்டும் பளிச்சென்று இருக்கும். கேட்டால் ஆயா சிரித்து மழுப்புவாள்.

ஒருநாள் பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. பால் கெட்டுப்போனதால் சீக்கிரமே கொட்டகைக்குப் போனேன். மாதாமாதம் பிள்ளைகளைப் பார்க்க வரும் டாக்டரின் கார் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் கால் கழுவி, சிலிப்பர் மாட்டி வரிசையாக நின்றார்கள். கார் மறைந்ததும் ஆயா குனிந்து ஒவ்வொரு காலிலிருந்தும் சிலிப்பரை உருவிச் சாக்கில் போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி டாக்டரை ஏமாற்றலாமா என்று கத்தினேன். ஆயாவுக்குக் கோபமே வரவில்லை.

"ஏந்தங்கச்சி, புதுச் சிலிப்பர போட்டுக்கிட்டு சேத்துல எறங்கினா பாழாப் போயிரும்லா. எல்லா தாய்மாருந்தான் பத்திரமா வச்சிருங்கன்னு கொடுத்திருக்காங்க."

அது பொய்யில்லை. தீபாவளிக்கு வாங்கியது அடுத்த தீபாவளிக்கும் புதிதாக இருக்க வேண்டும் எங்கள் ஜனங்களுக்கு. புழு தின்றாலும் பரவாயில்லை, சிலிப்பர் தேயக்கூடாது. ஆயாவைவிட அந்தச் சிக்கனம்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

சாக்குக்குள் கைவிட்டு மகளின் சிலிப்பரை எடுத்து, நானே மாட்டிவிட்டேன். வா, வீட்டுக்குப் போகலாம் என்று முன்னால் நடந்தேன். முற்றம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால், மகள் வாசலிலேயே நின்று சிலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கவுனில் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அந்தத் தண்ணீரில் காலை வைத்துவிட்டாள்.

"அழுக்காயிரும்மா" என்றாள்.