ஜன்னல்காரி

என் தம்பி மனைவியிடம் சண்டை போட்டு இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. அவளுக்கு வாய் நீளம் என்று நினைத்துவிடாதீர்கள், அது எனக்குத்தான். நாம் கத்தி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் ஒன்று விடாமல் அப்படியே திருப்பிச் சொல்வாள். "நான் சோம்பேறி, சொன்ன பேச்சைக் கேக்கறதில்ல, துணி மடிக்கத் தெரியாது. சரிங்களா? வேற ஏதாவது சேத்துக்கலாமா?" என்பாள். அதற்குமேல் என் தம்பி என்ன செய்வான்? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

எல்லாம் பர்கர் கடை கற்றுக்கொடுத்த வித்தை. எங்கே போனாலும் ஒரே கூரை, ஒரே நாற்காலி, ஒரே ருசி என்று கிளை பரப்பியிருக்கிற கடை அது. நெடுஞ்சாலை ஓரத்துக் கிளையில், காரைவிட்டு இறங்காமலே வாங்கிப் போகிறவர்களுக்கென்று தனி ஜன்னல் உண்டு. அங்கேதான் அவளுக்கு வேலை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் போனவள், மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே ஜன்னலில் நிற்கிறாள். தலையில் ஹெட்போன், வாய்க்கு நேரே மைக். காரில் வருகிறவர் கேட்டதை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லி, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்க வேண்டும். தெருவில் அவளுக்கு ஜன்னல்காரி என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் மகாராணி மாதிரி திரும்பிப் பார்ப்பாள்.

கடை எங்கள் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்குச் சாயங்கால ஷிப்ட் என்பதால் என் தம்பி சமைக்கக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவன் கைப்பக்குவம் எங்கள் யாருக்கும் வராது. அடுப்பிலிருந்து இறக்கிய பண்டம் கொஞ்ச நேரம் மேஜையில் கிடந்துவிட்டால் அவள் எடுத்துக் கொட்டிவிடுவாள். கடைச் சட்டமாம். "நான் இன்னும் சாப்பிடவே இல்லடி!" என்று குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

ஊர் மாறியதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சாப்பாட்டு மேஜைமேல் மடிக்காத துணிதான் கிடக்கிறது. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது காருக்குள். பிறந்தநாள் என்றால் அந்தக் கடை, பரீட்சையில் தேறினால் அந்தக் கடை, தேறாவிட்டால் ஆறுதலுக்கும் அதே கடை. இத்தனை பேர் நாக்கையும் ஒரே உப்புக்குப் பழக்கிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். அவளிடம் சொன்னால், "பசியோட வர்றாங்க அண்ணி, நான் நல்ல வார்த்தை பேசி அனுப்பறேன். என் பங்குல என்ன குறை?" என்பாள். குறை ஒன்றும் இல்லைதான்.

அந்த ஜன்னலில் ஒரு சங்கதி உண்டு. ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால், வேண்டியதைச் சொல்வதற்கு மைக் வைத்த பலகை ஒன்று இருக்கும். கார் அதன் முன்னால் வந்து நின்றதுமே மைக் திறந்துகொள்ளும். அது தெரியாமல் ஜனங்கள் காருக்குள் என்னென்னவோ பேசுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார்மேல் குறை, எல்லாம் உள்ளே ஹெட்போன் மாட்டியிருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும். நான் எவ்வளவு நோண்டினாலும், "ஜன்னல்ல கேட்டது ஜன்னலோட அண்ணி" என்று முடித்துவிடுவாள். ஒரே ஒருவரைப் பற்றி மட்டும், யார் எவர் என்று தெரியாததால், சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லியிருக்கிறாள். வாராவாரம் வருவார். "பார்க்குல நடந்துட்டிருக்கேம்மா, மூச்சு வாங்குது" என்று போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பெரிய பர்கர் கேட்பார், வெங்காயம் இல்லாமல்.

இப்படிப்பட்டவளின் மகளுக்கு அந்த ஜன்னல் பிடிக்கவில்லை. ஆபீஸ் சிநேகிதர்களோடு பர்கர் சாப்பிடப் போனாலும் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கிளைக்குத்தான் போவாள். கூட வேலை பார்க்கிற பையன் ஒருவனை விரும்பினாள், தங்கமான பையன். அவன் அம்மா ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. காலையில் வாசலில் நின்று, பிள்ளைகள் கையிலிருக்கும் பர்கர் பைகளை அந்த அம்மாளே பிடுங்கிப் போடுவாராம். அவரிடம் போய் இவள், அம்மா ஒரு உணவு நிறுவனத்தின் ஆபீசில் இருப்பதாகச் சொல்லிவைத்துவிட்டாள்.

பையன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவானதும் மகள் வந்து நின்றாள். "அம்மா, அன்னிக்கு மட்டும் கடைப் பேச்சு வேணாம். ஆபீஸ்னே சொல்லிடு. யூனிபார்ம் கொடியில காய வேணாம். இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மா."

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "நீ போட்ட செருப்பு, படிச்ச படிப்பு எல்லாமே அந்த ஜன்னல் வழியாத்தாண்டி வந்துச்சு!" என்றேன்.

ஜன்னல்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கடைப் பேச்சு வேணாம், ஆபீஸ்னு சொல்லணும், யூனிபார்ம் காயக்கூடாது. சரியா? வேற ஏதாவது?" என்றாள் மகளிடம். வழக்கமான ராகம் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். பையனின் அப்பா கடைசியாக உள்ளே நுழைந்து, "மன்னிக்கணும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கல" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கதவுப்பிடியில் இருந்த ஜன்னல்காரியின் கை அப்படியே நின்றுவிட்டது. பயத்தில் நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

என் தம்பி சூப் வைத்து, கோழி வறுத்து, காய்கறி நறுக்கி அசத்தியிருந்தான். தலைமையாசிரியம்மாவுக்குப் பரம திருப்தி. "வீட்டுச் சாப்பாடுன்னா இப்படி இருக்கணும்" என்று ஆரம்பித்து, பர்கர் கடைகளை ஒரு பிடி பிடித்தார்.

முடித்ததும் ஜன்னல்காரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "எண்ணெய் ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி, பிள்ளைங்க வீட்டுல சாப்பிடறதே இல்ல. சரிங்களா? வேற ஏதாவது சேத்துக்கலாமா?"

அந்த அம்மாள், தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்று பூரித்துப்போனார். பையனின் அப்பாவோ கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, பேயறைந்த மாதிரி இவளையே பார்த்தார்.

சூப் முடிந்ததும் இவள் எல்லாருக்கும் கோழி பரிமாறினாள். எல்லாத் தட்டிலும் வெங்காயம் வைத்தாள், அவர் தட்டில் மட்டும் வைக்கவில்லை. பழகின கை, கேட்டுக்கொண்டா செய்யும்?

"இவருக்கு வெங்காயம் ஆகாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார் தலைமையாசிரியம்மா.

உங்கள் பையன் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், பையனும் தலையாட்டியிருப்பான். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஜன்னல்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் பர்கர் கடையில, கார் ஜன்னல்ல நிக்கிறவங்க. வேணும் வேணாம்னு கேட்டுக் கேட்டு, குரலைக் கேட்டாலே யாருக்கு என்ன ஆகாதுன்னு தோணிடும்" என்றாள், பூசி மெழுகாமல். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்னு சொன்னியேம்மா?"

மகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "ஆபீஸ்தாங்க. ஜன்னல் மட்டும் ரோட்டைப் பாத்திருக்கும்" என்றாள் அம்மாக்காரி. நான் ஒருத்திதான் சிரித்தேன்.

பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். "குரலை வச்சுச் சொல்லல அவங்க. நான் அங்க வாடிக்கை. வாராவாரம், பார்க்குல நடக்கறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு..."

"தெரியும்" என்றார் மனைவி. "கார் சீட்டு முழுக்க ஃப்ரைஸ் வாசனை. எந்தப் பார்க்கு மரத்துல ஃப்ரைஸ் காய்க்குதுன்னு கேக்கணும்னுதான் இருந்தேன்."

என் தம்பிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் ஜன்னல்காரியைப் பார்த்தார். "இவரை மாட்டிவிட்டிருந்தா என் கோபம் இவர் பக்கம் திரும்பியிருக்கும், நீங்க தப்பிச்சிருக்கலாம். ஏன் சொல்லல?"

"ஜன்னல்ல கேட்டது ஜன்னலோடங்க."

"உங்க கடையைப் பத்தி என் அபிப்பிராயம் மாறாது" என்றார் அந்த அம்மாள். "ஆனா என் வீட்டுப் பேச்சு உங்ககிட்டேர்ந்து வெளிய போகாது. அது போதும் எனக்கு. கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம், சம்பந்தி?"

மகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் ஜன்னல்காரி ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலில் கேட்டதை அவளாக வந்து சொன்னது அன்றைக்குத்தான்.

கார் ஒன்று வந்து நின்றதாம். உள்ளே ஆபீஸ் சிநேகிதர்கள் கூட்டம், ஒரே சிரிப்பும் பேச்சும். அதற்கு நடுவில் மகளின் குரல். "உஷ், எல்லாரும் சத்தம் போடாம கேளுங்க. இப்ப ஒரு குரல் வரும் பாருங்க. அது எங்கம்மா."

ஹெட்போன் மாட்டியிருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்களாம். பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் இவள் வாயிலிருந்து "வணக்கம், வாங்க" வந்ததாம்.