வலது பக்கத்துக்கு இதையே திருப்பிப் போடுக

எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், சிறுசேரியில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது அது இன்னும் மோசம். பதினான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். முன்னால் காற்றாடி சுற்றும் டர்போபிராப் எஞ்சின் இரண்டு; சீட்டைக் கழற்றினால் சரக்கு ஏற்றலாம், ஸ்ட்ரெச்சர் வைக்கலாம். அது பறக்குமா என்பதைவிட, என் வேலை நிரந்தரமாகுமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

எரிபொருள் குழாயைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் என் பொறுப்பு. இறக்கைப் பாகம் என்றால் இடது பக்கத்தை மட்டும் வரைவோம். வலது அதன் கண்ணாடிப் பிம்பம்தான் என்பதால் அதற்கு ஒரே வரி: 'இதையே திருப்பிப் போடுக.' எஞ்சின் பிராக்கெட்டுக்கும் அதையே எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கையெழுத்துப் போட்ட மேலாளரும் கவனிக்கவில்லை.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு ஷெட்டில், எஞ்சின்களை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, திங்கட்கிழமை முதல்முறையாக ஓட்டிப்பார்க்க ஏற்பாடு. பிராக்கெட் செய்த பட்டறைக்காரரே அங்கே அவற்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, கல்பாக்கத்தில் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டும்போது அவரிடமிருந்து போன்.

"இன்னா மேடம், லெஃப்ட் சைடு கரெக்டா கீது. ரைட் சைடு உக்கார மாட்டேங்குது. பைப்பு இந்தாண்ட வருது, பிராக்கெட்டு அந்தாண்ட கீது."

"டிராயிங் சரியாத்தாண்ணே இருக்கு. லேசாத் தட்டி உக்கார வைங்க."

"தட்டவா?"

"தட்டுங்கண்ணே, நான் பஸ்ஸுல இருக்கேன்!" வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தில் கணவரின் சொந்தத்தில் கல்யாணம். பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தபோது அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்தின் இரண்டு பக்கமும் ஃபேன்கள் ஒரே திசையில் சுற்றின. பின்னே, வலப்பக்க ஃபேன் என்று தனியாகவா செய்வார்கள்? எங்கள் எஞ்சின்களும் அப்படித்தானே! இறக்கைக்குத்தான் இடது வலது. எஞ்சின் இரண்டும் ஒரே அச்சு, குழாய் நுழையும் வாய் இரண்டிலும் ஒரே பக்கம். திருப்பிப் போட்ட பிராக்கெட் எப்படி உட்காரும்?

பாதி இலையில் எழுந்துவிட்டேன். கணவர் பின்னாலேயே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "வேலை கன்ஃபர்ம் ஆகுற வாரம். நீயாப் போய் மாட்டிக்காத" என்றார்.

கேட்கவில்லை. மேலாளருக்குப் போன் போட்டேன். வரைந்தது தப்பு, என் தப்பு, எஞ்சினை ஓட்டாதீர்கள் என்றேன். தட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கழற்றிப் பார்த்தார்கள். நெளிந்த பிராக்கெட்டின் விளிம்பு குழாயில் அழுந்தி ஒரு கோடு போட்டிருந்தது. எஞ்சின் ஓடியிருந்தால் அந்த அதிர்வில் குழாய் அறுந்து, கொதிக்கிற எஞ்சின் மேல் எரிபொருள் கொட்டியிருக்கும்.

மத்தியானம் மேலாளர் எழுதிய அறிக்கை என் கையெழுத்துக்காக மேசைக்கு வந்தது. வரைபடத்தில் பிழை என்று எங்கேயும் இல்லை. 'பட்டறையினர் அனுமதியின்றிப் பாகத்தைத் தட்டிப் பொருத்தியதே காரணம்' என்று இருந்தது.

"அந்த டிராயிங்ல என் கையெழுத்தும் இருக்கும்மா. போட்டுடு, உனக்கும் நல்லது" என்றார் மேலாளர்.

எதற்கும் காத்திருக்காத நான், அந்த ஒரு கையெழுத்துக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கடைசியில் போட்டேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல்தான் வருகிறது.

அந்த வாரமே வேலை நிரந்தரமானது. பட்டறைக்காரருக்கு எங்கள் வேலை போவது நின்றது. பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். நாலு வார்த்தை திட்டட்டும் என்று காதைக் கொடுத்தேன்.

"மேடம், உங்க ஆபீஸ்ல கூப்ட்டுக் கேட்டாங்கோ, யார் தட்டச் சொன்னதுன்னு. நானேதான் தட்னேன்னு சொல்லிட்டேன். புச்சா வேலைக்கு வந்த பொண்ணு நீ. உன் பேரு வரல, பயப்படாத இன்னா."

"ரொம்பத் தேங்க்ஸ்ண்ணே" என்றேன். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருப்பதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.