மீஞ்சூரில் ஒரு பந்தி

என் மாமனார் இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கையில் தடித்த பூசைப் புத்தகம், சிரிப்பைப் பண்டிகைக்கென்று எடுத்து வைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். கோயிலில் லத்தீனை விட்டுவிட்டுத் தமிழில் பூசை வைக்க ஆரம்பித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் மட்டும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஆண்டவருக்கு லத்தீன் மறந்துபூச்சா?" என்று கேட்பார்.

அரசியலிலும் அப்படித்தான். ராயபுரத்தில் எங்கள் பனைமரத்தொட்டிப் பக்கம் பாதிப் பேர் உதயசூரியன். மிச்சத்தில் கொஞ்சம் ஆளுங்கட்சி, கொஞ்சம் சிவப்புக்கொடி. அவர் ஒற்றை ஆளாகச் சுதந்திரா கட்சி. கட்சியின் நட்சத்திரச் சின்னத்தைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். பெருநாள் முடிந்து மாசக்கணக்காகியும் கிறிஸ்மஸ் ஸ்டாரை எடுக்கவில்லையே என்று வருகிறவர் போகிறவர் கேட்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, அது என்ன சின்னம், அந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று அரை மணி நேரம் விளக்குவார். அதற்குப் பயந்தே பல பேர் கேட்பதை விட்டார்கள்.

"சர்க்காருக்கு மூணு வேலை. திருடனை புடிக்கணும், ரோடு போடணும், எல்லையில காவல் நிக்கணும். அதுக்கு மேல என் வூட்டு அடுப்பாண்ட அதுக்கு இன்னா வேலை?" என்பார்.

"நீங்க வாங்கற சம்பளமே சர்க்கார் சம்பளம்தானே மாமா" என்று நான் சீண்டுவேன். நான் அப்போது கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், அதோடு ஊரறிந்த உதயசூரியன்.

"கிரேன் ஓட்டறேன், கூலி தராங்கோ. அதுக்கோசரம் என் கொழம்பு சட்டியை தொறந்து பாப்பாங்களா?" உடனே தொழிலுக்கு வந்துவிடுவார். "நான் அம்பது அடி மேல உக்காந்துகீறேன். ஆனா கீழ நின்னு கை காட்டறவன் சொன்னாத்தான் தூக்குவேன், எறக்குவேன். என் இஷ்டத்துக்கு தூக்குனா கீழ கீறவன் செத்துப்பூடுவான். ஆளறவனும் அப்டித்தான்பா கீழ பாத்துகினு இருக்கணும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அறுபத்தேழாம் வருஷம் தேர்தல் வந்தபோது இந்த வியாக்கியானம் எல்லாம் சேர்ந்து என் கல்யாணத்தில் வந்து விடிந்தது.

எனக்கும் அவர் மகள் ஃப்ளோராவுக்கும் பிப்ரவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை, ராயபுரம் கோயிலில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்தத் தேதியை விட்டால் வேறு வழியில்லை. எட்டாம் தேதி விபூதிப் புதன். அன்றைக்குத் தவக்காலம் ஆரம்பித்தால் ஈஸ்டர்வரை எங்கள் கோயில்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் அந்த வருஷம் மார்ச் கடைசியில். ஒன்றரை மாதம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வருஷமாகக் காத்திருந்த எனக்கு அது ஒன்றரை யுகம். காங்கிரஸை ஒழிப்பதைவிடத் தவக்காலத்தை முந்துவதுதான் அந்த மாதம் எனக்கு முக்கியமான லட்சியமாக இருந்தது.

சிக்கல் அரிசியில் வந்தது. என் மாமியார் வியாகுலம்மாளுக்கு மீஞ்சூருக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு அந்த நெல்லைத்தான் குத்தி வடிக்க வேண்டும் என்று ஃப்ளோரா சட்டை போடத் தெரியாத வயசிலிருந்தே சொல்லி வைத்திருந்தார். அந்த வருஷம் நன்றாக விளைந்திருந்தது. சர்க்காருக்கு லெவியாக அளந்து கொடுத்தது போக இருநூறு பேர் சாப்பிடத் தாராளமாக மிச்சம் இருந்தது. ஆனால் மீஞ்சூர் செங்கல்பட்டு ஜில்லா, நாங்கள் இருப்பது சென்னை. அனுமதிச் சீட்டு இல்லாமல் அரிசி ஜில்லாவைத் தாண்டக் கூடாது. டோல்கேட் பக்கம் பஸ்ஸை நிறுத்திப் பொம்பளைகள் மடியைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். ரேஷனில் கொடுக்கிற அளவை நம்பிப் பந்தி போட்டால் முதல் வரிசையோடு இலையை மடிக்க வேண்டியதுதான். ஊரே கோதுமையைத் தின்று நாக்கு செத்துப் போயிருந்த காலம் அது.

"என் பொண்டாட்டி நெலம், என் பொண்ணு கல்யாணம். நடுவுல சர்க்கார் யாருபா?" என்று இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தார். மூன்றாம் நாள் காலையில் குளித்து, கழுத்துப் பட்டன் போட்டு, முறைப்படி மனு எழுதிக்கொண்டு கிளம்பினார். சட்டம் மடத்தனமாக இருந்தாலும் சட்டம்தான், மாற்றுகிறவரை மதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. துணைக்கு நானும் போனேன்.

சீட்டு கொடுக்கிற ஆபீசில் குமாஸ்தா மனுவைப் படித்தார். நல்ல மனிதர்தான், எரிந்து விழவில்லை. "ஒன்பதாம் தேதி சீட்டு கிடைக்கும். அதுக்கு முன்னாடி வாய்ப்பில்லை" என்றார்.

"எட்டாம் தேதி விபூதிப் புதன் சார். அப்பால கல்யாணம் வெக்கறத்துக்கு கோயில்ல எடமில்லை."

"மூணு நாள்தானே. ஒரு நல்ல நாளாப் பார்த்துத் தள்ளி வையுங்களேன்."

"எங்க நல்ல நாள் எல்லாம் ஏப்ரல்ல கீது சார்" என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

அவர் எங்களை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். தவக்காலம் என்பது அவருடைய ஃபாரத்தில் இல்லை. மாமனார் மனுவைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும், "தேதியை குறிக்கறது சாமியாரு. அதையும் இவங்கோ குறிப்பாங்க போலகீது" என்றார். அன்றைக்குத்தான் அவர் பேச்சில் என்னவோ இருக்கிறது என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலமே ஆளுங்கட்சித் திருமலை வீட்டுக்கு வந்துவிட்டார். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மாமனாரோடு முப்பது வருஷப் பழக்கம்.

"அண்ணாத்தே, இதுக்கா பேஜாரு? நான் ஒரு சிபாரிசு கடுதாசி வாங்கித் தரேன். நாளைக்கே சீட்டு கெடைக்கும். நீ ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கெழமை கூட்டத்துல நம்ம ஆளு பக்கத்துல மேடையில உக்காரு. பேசவே வேணாம். கிரேன்காரங்க நூறு பேரு உன்னை பாத்தா போதும்."

வியாகுலம்மாள் முகத்தில் ஆசை வந்ததை நான் பார்த்தேன். என் முகத்தில் அதைவிட அதிகமாக வந்திருக்கும். எதிரிக் கட்சியின் கடுதாசியாவது, மண்ணாவது. எனக்குத் தேவை ஆறாம் தேதி.

"திருமலை, உன் மேல எனக்கு கோவமில்லை" என்றார் மாமனார். "ஆனா எல்லாருக்கும் ஒன்பதாம் தேதி கெடைக்கற சீட்டு, மேடையில உக்காந்தா மட்டும் நாளைக்கு கெடைக்குதுன்னா அதுக்கு பேரு இன்னா? சோத்தைக் காட்டி ஓட்டு வாங்கறது. எனக்கு வேணாம்பா. நீ கல்யாணத்துக்கு மட்டும் குடும்பத்தோட வா."

எங்கள் கட்சிப் பையன்கள் சும்மா இருப்பார்களா? எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து கால்வாய் வழியாகப் படகில், மேலே விறகும் அடியில் மூட்டையுமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். நான் ஏறக்குறைய சரி சொல்லிவிட்டேன். மாமனார் காதில் போட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடத்தின சோத்தையா என் பொண்ணுக்கு முத பந்தி போடப் போறே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "கடுதாசியும் வேணாம், படகும் வேணாம். ஜனங்களுக்கு இன்னா போடுவீங்க மாமா, உங்க நட்சத்திரத்தையா?" கதவுக்குப் பின்னால் ஃப்ளோரா அழுதுகொண்டிருந்தாள். அவர் டியூட்டிக்குக் கிளம்பிப் போனார். அவரை அப்படிப் பேசியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஜனவரி இருபத்தொன்பது, ஞாயிறு. கோயிலில் எங்களுடைய மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது, 'அரிசி' என்று எழுந்து சொல்லிவிடலாமா என்று எனக்கு இருந்தது. பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மாமனார் கோயில் வாசலில் நின்று கையைத் தூக்கினார். அந்த மனிதர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் கேளுங்கோ. கிரேனு கை எட்டாத எடத்துல சரக்கு கெடந்தா நாங்கோ சரக்கை இழுக்க மாட்டோம். கயித்தைப் போட்டு கப்பலை நாலு கெஜம் நவுத்துவோம். அரிசி மீஞ்சூரை வுட்டு வரக்கூடாதுன்னு சட்டம் கீது. ஜனங்க மீஞ்சூருக்கு போவக்கூடாதுன்னு சட்டமில்லை. ஆறாம் தேதி காலையில தாலி இங்க. பந்தி எங்க களத்துல. எல்லாரும் ரயிலேறி வரணும்."

ஊரைவிட்டு ஊர் போய்ப் பந்தியா என்று யாரோ ஒரு பெரியவர் முணுமுணுத்தார். வியாகுலம்மாள் அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் யார் அண்டா தருவார்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார். என் பக்கமாக வந்த மாமனாரிடம் எதையாவது சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார். "டிக்கெட் இல்லாம ஒருத்தரும் ஏறக்கூடாது ஹென்றி. ரயில்வேயில நம்ம ஆளுங்கதான், கண்டுக்க மாட்டாங்கோன்னு ஆரம்பிக்காதே."

ஆறாம் தேதி காலை ஆறரை மணிப் பூசையில் நான் தாலி கட்டினேன். ஒன்பது மணிப் பாசஞ்சரில் இருநூறு பேர் கொருக்குப்பேட்டையில் ஏறினோம். மேளக்காரர்கள் இரண்டாவது பெட்டியில் உட்கார்ந்து எண்ணூர்வரை வாசித்தார்கள். தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாததால் வழியெல்லாம் கொடிகள், சுவரெல்லாம் சின்னங்கள். ரயிலுக்குள் எல்லாக் கட்சிக்காரர்களும் கலந்து உட்கார்ந்து ஒருத்தரையொருத்தர் வாரிக்கொண்டு வந்தார்கள். திருமலையும் குடும்பத்தோடு வந்திருந்தார்.

களத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். பச்சரிசி போலப் பளபளவென்று இல்லை, சிவப்போடிய மோட்டா அரிசிதான். ஆனால் புது நெல்லின் சோறு, ஆவியோடு இலையில் விழுந்தபோது பேச்சு அடங்கிவிட்டது. மேலே ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டாவது முறை சோறு கேட்கக் கூச்சப்பட்ட ஜனங்களை மாமனாரே தேடித் தேடிப் போய்க் கொட்டினார். அந்த மத்தியானம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பண்டிகைக்கு எடுத்து வைத்ததை ஒரே நாளில் செலவு பண்ணிவிட்டார் என்று ஃப்ளோரா என் காதில் சொன்னாள்.

நடுவில் நான் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். எங்கள் தொகுதியில் நட்சத்திரம் நிற்கவில்லை. கூட்டணி என்று சூரியனுக்குத்தான் போடச் சொல்லியிருந்தார்கள். அவருக்கோ சாமியில்லை என்று பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "யாருக்கு மாமா போடுவீங்க?"

"சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னதையும் ஓட்டுப் பொட்டியில போட்டதையும் வெளிய கேக்கக் கூடாது மாப்ளே. தின்னு." கடைசிவரை அவர் சொல்லவே இல்லை. எங்கள் கட்சி ஜெயித்தது. அதில் அவர் ஓட்டு இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து கொருக்குப்பேட்டையில் இறங்கினால், பிளாட்பாரத்தில் அரிசி சோதனைக்காரர்கள். மீஞ்சூரிலிருந்து இவ்வளவு கூட்டம் என்றால் விடுவார்களா? ஏட்டு ஒருவர் கையைக் குறுக்கே நீட்டினார். கல்யாணப் பொண்ணின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திருமலை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் யாரு தெரியுமா?" என்று முன்னால் பாய்ந்தார். மாமனார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடுபா. அவரு டியூட்டி, பாக்கட்டும்."

டிரங்குப் பெட்டியில் புடவைகள் இருந்தன. பைகளில் வெற்றிலை, பூ. கடைசியில் இரண்டு பேர் கம்பில் கோத்துத் தூக்கி வந்த பெரிய அண்டாவின் மேல் ஏட்டின் கண் விழுந்தது. "இதுல இன்னா?"

"சோறு. எங்க பக்கத்துல ரயிலேற முடியாதவங்க நாப்பது பேரு கீறாங்கோ. கெழடுங்க, நோயாளிங்க, பிள்ளை பெத்தவங்க. அவங்களுக்கு" என்றார் மாமனார். "அரிசிக்குத்தான் தடை. வடிச்ச சோத்துக்கு இருந்தா சொல்லுங்கோ, எழுதிக்கங்கோ, நான் கையெழுத்து போடறேன்."

கல்யாணத்தன்றே மாமனாரை போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகிற மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். ஏட்டு மூடியைத் திறந்தார். குழம்பு ஊற்றிக் கலந்த சோற்றின் வாசனை பிளாட்பாரம் முழுக்கப் பரவியது. அவர் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஐம்பது வயசிருக்கும், காலையிலிருந்து வெயிலில் நின்ற முகம். மூடியைத் திரும்ப வைக்கவும் இல்லை, எழுதுகிற நோட்டை எடுக்கவும் இல்லை.

"எங்க வூட்ல அரிசி வடிச்சி மூணு வாரமாவுது" என்றார் மெதுவாக. பிறகு மாமனாரைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஒரு வாய் எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டார்.

வியாகுலம்மாள் அதற்குள் இலையைத் தேடத் தொடங்கியிருந்தார். மாமனார் பெஞ்சியில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு ஏட்டை அங்கே உட்கார வைத்தார்.

"கேக்கவே வேணாம்யா. கல்யாண சோத்துக்கு பர்மிட்டு கெடையாது."