கிளட்ச் கால்

எங்கள் அப்பாவின் இடது காலுக்கு ஆரணியில் ஒரு தனி மரியாதை இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில், யாருடைய வண்டியிலாவது கிளட்ச் தகராறு செய்தால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் அப்பாவைத்தான் தேடுவார்கள். "அண்ணா, ஜல்தியா ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க" என்பார்கள். அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலால் பெடலை மெல்ல அமுக்குவார். நாலைந்து முறை அமுக்கிய பிறகு கெட்டிப்பட்டால் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அமுக்கிப் பிடித்திருக்கும்போதே மெல்ல உள்ளே இறங்கினால் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அப்பா ஒன்று சொல்லிவிட்டு இறங்கினால் அதற்கு மேல் பேச்சில்லை. "டாக்டர் கையப் புடிச்சிப் பாப்பாரு, நான் காலால புடிச்சிப் பாக்கறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தன் வண்டியையும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். "சோறு போடற பொருள செருப்புக் காலால மிதிப்பாங்களா?" என்று கேட்பார். அந்த ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான்.

எங்களுடையது ஒரு பழைய வெள்ளை டீசல் கார். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கடை கடையாகவும், சேவூரில் தறி போட்டிருப்பவர்களின் வீடு வீடாகவும் ஏற்றி இறக்குவதுதான் அதன் பிழைப்பு. கடை விளக்கில் பார்த்த நிறத்தைப் பெண்கள் நம்ப மாட்டார்கள். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் குத்தியிருக்கும் குண்டூசிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புடவையை ஜன்னல் வெயிலில் விரிப்பார்கள். "கடையில மயில் கழுத்துன்னான், இங்க பாத்தா பாசி கலராட்டம் கீதே!" என்று முன் சீட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் தாயார் அலறுவார். அப்பா பொறுமையாக வண்டியைத் திருப்புவார். "இதுக்கெல்லாம் கோவிச்சிகினா ஆவுமா? அவங்க பொண்ணு வாழ்க்க பூரா கட்டப்போற கலரு" என்பார்.

எனக்குப் பத்து வயதாக இருந்த தை மாதத்தில்தான் அந்தப் பேஜார் ஆரம்பித்தது. முகூர்த்தம் நெருக்கமாக இருந்த நேரம். கடைத்தெருவில் வண்டி திடீரென்று ஒரு குதி குதித்து, முன்னால் போன சைக்கிளை இடிக்காத குறையாக நின்றது. சைக்கிள்காரர் திட்டிய திட்டு இருக்கட்டும். அப்பாவின் முகம் வெளுத்துப் போனதைத்தான் நான் பின் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். "பெடலு சரியில்ல. பஞ்சு மூட்டைய மிதிக்கிற மாதிரி கீது. எங்க புடிக்குது, எங்க விடுதுன்னே தெரியல" என்றார். சரியாகிற வரைக்கும் கல்யாண ஜனத்தை ஏற்றுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். வருஷத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற சம்பாத்தியம் அந்த ஒரு மாதத்தில்தான்.

சேவூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய், அப்பாவைவிடச் சின்னவர். அப்பாவின் காலை உஸ்தாதாகவே நினைப்பவர். எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்தார். சொட்டுக்கூடக் குறையவில்லை. குழாயைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. "அப்போ ஏர்தாண்ணா. எடுத்துடலாம்" என்று வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். பெடலை மிதிக்கிற வேலை எனக்கு. இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் அமுக்குவேன். அமுக்கிப் பிடித்திருக்கும்போது பாய் கீழே திருகைத் தளர்த்துவார். காற்று இருந்தால் எண்ணெயோடு குமிழ் விட்டு வெளியே வரும். முடுக்கிய பிறகு நான் காலை எடுக்க வேண்டும். எத்தனை முறை மிதித்தும் ஒரு குமிழ் வரவில்லை.

அப்பா ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த வாரம் ரப்பர்களை மாற்றினார்கள். அதற்கு அடுத்து மேல் சிலிண்டரையே புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாய் முதலில் தானே மிதித்துப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போகும். அப்பா மிதித்துவிட்டுத் தலையாட்டியதும், "உங்க காலு சொன்னா சரிதாண்ணா" என்று மறுபடி ஸ்பானரை எடுப்பார். நான்கூட ஒருநாள், "எனக்கு நல்லாக் கெட்டியாத்தாம்பா கீது" என்று சொல்லிப் பார்த்தேன். "உன் எடைக்குப் பூசணிக்காயும் கெட்டியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. பாயும் சிரித்தார்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மாத்திரை டப்பா காரின் முன்பெட்டியில், துடைக்கிற துணிக்கு அடியில் கிடக்கும். "வண்டிக்கு வாரம் ஒரு வைத்தியம். உங்க உடம்புக்கு வருஷத்துக்கு ஒருதபா பாத்தா இன்னா கொறைஞ்சி பூடும்?" என்று அம்மா கேட்பாள். "உடம்பு தானா ஓடிகினு கீது. ஓடாததத்தானே பாக்கணும்?" என்பார் அப்பா.

நாலாம் முறை போனபோது பாய் சோர்ந்திருந்தார். "உள்பக்கமா ஒழுகினா பெடலுக்குக் கீழ வந்துதான் ஆவணும். பாப்பா, நீதான் உள்ள நுழைய முடியும், டார்ச் அடிச்சிப் பாரு" என்றார். நான் தலைகீழாகக் குனிந்து பெடலுக்குக் கீழே பார்த்தேன். பெடலின் ரப்பரிலும் கீழே விரிப்பிலும், பழைய எண்ணெய் போலக் கறுத்த காப்பி நிறத்தில் ஈரம்.

"லீக்கு! லீக்கு கீதுப்பா!" என்று கத்தினேன்.

அப்பா கையைத் தட்டினார். "நான் சொல்லல? சொல்லிகினே இருந்தேனே பாய்! நாலு வாரமா என்னைப் பைத்தியக்காரனாட்டம் பாத்தியே!" இத்தனை நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் தோளைத் தட்டி, "கண்ணுன்னா இதுதாண்டி கண்ணு" என்றார்.

பாய் அந்த ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் என்றால் வழுக்க வேண்டும். இது ஒட்டியது. முகர்ந்தார். சிலிண்டரின் அடியைத் தடவினார். அங்கே உலர்ந்துதான் இருந்தது. பிறகு எழுந்து வந்து, "அண்ணா, காலைக் காட்டுங்க" என்றார்.

"கால்ல இன்னா?"

பாய் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினார். முன்பாதத்தின் அடியில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம். அதன் நடுவில் வெள்ளியாக ஒரு புள்ளி. புடவை மடிப்பில் குத்துகிற குண்டூசி, தலை மட்டும் தெரிய, முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அதோடேயே அவர் நடந்திருக்கிறார், மிதித்திருக்கிறார்.

பாய் குறடால் அதைப் பிடுங்கினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பாவின் அலறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திறந்து பார்த்தால், யாரோ ஒருத்தருடைய காலைப் பார்ப்பதுபோல அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

ஊசியைப் பிடுங்கியும் மூச்சுவிடாத என் அப்பாவின் வீரத்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஊசியைப் பிடுங்கிய அன்று சாயந்திரமே அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்றும், புண் எலும்பு வரை போய்விட்டது என்றும் சொன்னார்களாம். முதலில் இரண்டு விரல். அப்புறம் பாதிப் பாதம். பாய் வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்று அழுதார். "பெடலு மொத நாளே நல்லாத்தாம்மா இருந்துச்சு. என் காலுக்குத் தெரிஞ்சிது. அண்ணன் காலு தப்பு சொல்லும்னு எந்த வாயால நான் சொல்லுவேன்?"

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பங்குனியில் வண்டியைப் பார்க்கக் களம்பூரிலிருந்து ஒரு நெல் வியாபாரி, தன் டிரைவரோடு வந்தார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட காலுக்குக் கீழே ஒரு முக்காலி. டிரைவர் சின்னப் பையன். இன்ஜினைப் போட்டுப் பார்த்தான், விளக்கைப் போட்டுப் பார்த்தான். இறங்கப் போனவனை அப்பா நிறுத்தினார்.

"தம்பி, கிளட்ச்ச மிதிச்சிப் பாக்கலியே?"

அவன் மிதித்தான். "நல்லா கீதுண்ணா."

"நல்லான்னா எப்படி? செருப்பக் கழட்டிட்டு மிதிச்சிச் சொல்லு. மிதிச்ச உடனே கெட்டிப்படுதா?"

"படுதுண்ணா."

"புடிச்சிகினே இரு. உள்ள இறங்குதா?"

"இல்லண்ணா. கின்னுனு நிக்குது."

"மெதுவா விடு. எந்த எடத்துல புடிக்குது?"

"பாதிக்கு மேல... இதோ, இங்க."

"அந்த எடத்துல கால்ல ஒரு சின்ன அதிர்வு வரும். வருதா? எப்படி கீது, சொல்லு."

வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க இது, வாங்கறவன் நான் கேக்கவேண்டியதெல்லாம் நீங்க கேட்டுகினு இருக்கீங்க?" என்றார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா மிதி தம்பி. மெதுவா மிதி" என்றார்.

வண்டியின் அருமையை எதிராளி வாயாலேயே சொல்லவைத்து விலையை ஏற்றுகிறார், அப்பாவா கொக்கா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடப் பத்து ரூபாய் வந்தால் எனக்கு என்ன கேட்கலாம் என்று யோசித்தபடி, அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.