டாக்டர் எஸ்தரின் கோட்டுப் பொத்தான்

ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, தண்டலம் ஸ்கேன் நிலையத்து வரவேற்பாளர் லதா அழைத்தார். "சார், டாக்டரம்மா தவறிட்டாங்க." திங்கட்கிழமை மறைந்ததாகச் சுவரொட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள், தவறு. டாக்டர் எஸ்தரின் உயிர் பிரிந்தது செவ்வாய் விடியற்காலையில்தான்.

என் மருமகள் கலைவாணியின் ஐந்தாம் மாத ஸ்கேனின்போது அவரைச் சந்தித்தோம். குழந்தையின் மூளையில் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் உருவாகவில்லை என்றார். எம்.ஆர்.ஐ.யும் அதையே உறுதிசெய்தது. வேறு குறை தென்படவில்லை. கருவைத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். என் மகன் ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்திருந்தான்.

"ஏம்மா, ஒரகடம் கூட்ரோட்டுல பாலம் வர்றதுக்கு முன்னாடி வண்டி ஓடலயா?" என்று கலைவாணியிடம் கேட்டார் டாக்டர். "சுத்திகினு போச்சுல்ல? சிலது லேட்டாச்சு, சிலது மாட்டிகிச்சு. உன் பாப்பா எப்பிடி போவும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். நீ எத முடிவு பண்ணாலும் நான் கூட இருப்பேன்."

எந்த மாதம் நடக்கும், எந்த மாதம் பேசும் என்றாவது சொல்லுங்கள் என்றேன்.

"இன்னா பெரியவரே, ரயில்வே டைம்டேபிளா கேக்குறீங்க?"

அந்த நிலையிலும் கலைவாணி சிரித்துவிட்டாள். பெற்றுக்கொள்வதென்று வீடு திரும்பும் வழியில் அவளே சொன்னாள்.

பேத்தி நிலா பிறந்தாள். ஸ்கேன் மருத்துவரின் வேலை அத்தோடு முடிந்துவிடும். டாக்டர் எஸ்தர் விடவில்லை. தாம் குறை கண்டு சொன்ன குழந்தைகள் பிறந்தநாள்தோறும் தம்மிடம் வர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். "படத்துல பாத்தத நேர்ல பாக்கணும். அப்பதான் அடுத்த அம்மாவுக்கு ஒழுங்கா சொல்ல முடியும்" என்பார்.

நிலா தாமதமாக நடந்தாள். இன்னும் தாமதமாகப் பேசினாள். இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலைதான் பெரும்பாடு. டாக்டர் தம் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அவள் முன் குனிவார். "போட்டு வுடு கண்ணு, குளிருது." சித்திரை வெயிலில் குளிராம்!

நான்காம் பிறந்தநாளன்று ஒரு பொத்தான் நுழைந்தது, தவறான துளையில். திருத்தப் போனேன். "கைய எடுங்க பெரியவரே. என் பாப்பா போட்டது." மாலைவரை அந்தக் கோணல் கோட்டோடே நோயாளிகளைப் பார்த்தார் என்றார் லதா.

நிலா எப்போது எழுதப் பழகுவாள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். டாக்டரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட சொல் அது; இப்போது அச்சமின்றி வருகிறது. ஞாயிறன்று நடந்த நினைவு ஆராதனையில், என் சட்டை ஒரு துளை தள்ளிக் கோணலாக இருந்ததை, இதைப் படிக்கும் உங்களில் பலர் சுட்டிக்காட்டினீர்கள். அறிவேன். அன்று காலை நிலா போட்டுவிட்டது.