ஹாஷிம் பாவலரின் கொப்பி

பதுளைக் கடைத்தெருவில் என் மச்சான் ஹாஷிமை 'பாவலர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு வரிகூடக் கட்டத் தெரியாத பாவலர் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இளமையில் புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய் விற்றான். கொழுந்தெடுக்கும் பெண்கள் பாடுவதில் ஆசை பிடித்து, அவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினான். பாட்டு, தேதி, பாடியவர் பேர், லயம் எல்லாம் இருக்கும். மூன்றாம் லயத்துப் பெரியாயி மட்டும், "என் பேரு வேணாம், நானா" என்று அண்ணன்முறை வைத்துச் சொன்னாள். இவன் கேட்கவில்லை. பாட்டிருந்தால் பேரும் இருக்க வேண்டுமாம், அவ்வளவு ஒழுங்கு!

1911இல் ஒருநாள் பெரிய கங்காணி வீட்டில் மூட்டையை அவிழ்த்தான். எழுத்தறியாத கங்காணி கொப்பியைப் பார்த்துவிட்டு வாசிக்கச் சொன்னார். நாலு பாட்டுக்கு "பலே" கிடைத்தது. தலைகால் புரியாமல் ஐந்தாவதையும் வாசித்துவிட்டான்.

"மழ பெஞ்சா மலையெல்லாம் பச்சையாப் போகுது
கங்காணி மீச மட்டும் வெள்ளையாப் போகுது."

கங்காணி மீசைக்கு மை தடவுகிறவர். அவர் மனைவியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"யாரு கட்டுன பாட்டு?" என்றார் கங்காணி.

'நான்தான்' என்று அவன் சொல்லியிருக்கலாம். போனால் ஒரு தோட்டத்து வியாபாரம் போயிருக்கும். பயந்தாங்கொள்ளி, பேரையும் லயத்தையும் வாசித்தான். அடுத்த வாரமே பெரியாயி குடும்பத்துக்குத் தோட்டத்தை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். வேலையும் போயிற்று, குடியிருந்த காம்பராவும் போயிற்று.

ஹாஷிம் கொப்பியிலிருந்த பேர்களையெல்லாம் சுரண்டி எடுத்தான். இனி யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று முதல் பக்கத்தில் தன் பேரை மட்டும் எழுதினான். அதுவரை சரிதான். பிறகு பதுளையில் கடை போட்டான். கொப்பியைப் பார்த்தவர்கள் 'பாவலர்' என்றார்கள், அவன் மறுக்கவில்லை. விஷயம் தெரியாமல் அதை ஊரெல்லாம் பரப்பியவன் நான். வெட்கக்கேடு.

1923இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை நரைத்த ஒருத்தி சீத்தைத் துணி வாங்கக் கடைக்கு வந்தாள். நான் சும்மா இருக்கக் கூடாதா? "மீசைப் பாட்டு கேட்டிருக்கீங்களா? கட்டினது இவருதான்" என்று பாடியே காட்டினேன். அவள் ஹாஷிமை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படிங்களா" என்றாள். துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவள்தான் பெரியாயி என்று அப்புறந்தான் சொன்னான், நடந்ததையெல்லாம் சொன்னான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேனாவை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"கங்காணிதான் மௌத்தாப் போயிட்டாரே. இப்பயாவது அவட பேர எழுது."

கொப்பியைத் திறந்தான். மீசைப் பாட்டுக்குப் பக்கத்தில் பேரைச் சுரண்டிய இடத்தை விரலால் தடவினான். பிறகு மூடினான்.

"எழுதினா, நான் ஆரு மச்சான்?" என்றான்.